சென்னையில் வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்கியது

அம்மா இனிமேல் கோயம்புத்தூரில் தங்கை வீட்டோடு இருப்பது என்று முடிவானதும், மடிப்பாக்கம் வாடகை வீட்டைக் காலி செய்ய சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தேன். சாமான் ஏற்றுகிற வேலை ஒரே நாளில் முடிந்தது. இழுத்தது அட்வான்ஸ்தான்.

வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 1,80,000. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எங்கள் ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்றே எழுதியிருந்தது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒப்பந்தப்படி இரண்டு மாதம் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் தேதி போட்டுச் சொல்லியிருந்தோம். ஆனாலும் ஹவுஸ் ஓனர், "புதுசா ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுக்குக் கொடுத்துடறேன் தம்பி" என்றார். சென்னையில் பாதிப் பேர் சொல்வது இதுதான். வாங்கிய பணம் அன்றைக்கே செலவாகிவிடுகிறது. புது ஆள் பிடிப்பது அவர் பாடு. அதுவரை எங்கள் பணம் ஏன் காத்திருக்க வேண்டும்? வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு டிக்கெட் தேதி இருக்கிறது என்பது ஓனர்களுக்குத் தெரியும். நாலு நாள் இழுத்தால் விமானம் ஏறிவிடுவோம், அப்புறம் வயதான அம்மாதான் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது அதற்காகத்தான்.

"சார், கணக்கை இன்னைக்கே முடிச்சுக்கலாம், சாவியும் அப்பவே தர்றேன்" என்றேன். அறை அறையாகச் சுற்றி வந்தோம். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் அதில் பேச்சில்லை. பாத்ரூம் வாஷ்பேசினில் விரிசல் என்று 4,000 கேட்டார். குடிவந்த அன்று எடுத்த போட்டோவில் குழாய்க்குக் கீழே அதே விரிசல் தெளிவாகத் தெரிந்தது, போட்டோவில் தேதியும் இருந்தது. போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சரி, அதை விடுங்க" என்றார். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் கடைசி பில் நாங்கள் போன பிறகுதான் வரும். மீட்டரைப் படம் எடுத்து, பழைய பில்லை வைத்து உத்தேசமாக 2,000 நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். மீதி 1,60,000 என்று ஒரு தாளில் எழுதி அவரும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

கையில் அவ்வளவு இல்லை என்றார். பாதியை அன்றே அம்மா கணக்குக்கு அனுப்பினார். மீதிக்கு மாதக் கடைசித் தேதி போட்டு அம்மா பெயரில் செக். செக் பணமில்லாமல் திரும்பினால் செக்குகளுக்கான சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவில் வழக்குப் போடலாம் என்பதால் வாய்வார்த்தையைவிட அது எவ்வளவோ மேல். அதுவும் வராமல் போனால் சட்டப்படி மனுக் கொடுக்க ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், இருவரும் கையெழுத்துப் போட்ட அந்தக் கணக்குத் தாள் எல்லாவற்றையும் நகலெடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

செக் சொன்ன தேதியில் பாஸானது. கரண்ட் பில் 1,340 வந்தது. மீதி 660 ரூபாயை ஓனர் கேட்காமலே அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்.