குக்ரி: அலங்காரம் அல்ல, எடை நிற்கும் இடம்

பல வருடமாக குக்ரி என்னும் நேபாள வளைகத்திகளைச் சேர்த்து வருகிறேன். சேர்த்ததைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. மரம் கழிக்க, விறகு பிளக்க, மூங்கில் வெட்ட, இளநீர் சீவ என்று எல்லாவற்றிடமும் வேலை வாங்கியிருக்கிறேன். "எது நல்ல குக்ரி?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வீசும்போது எடை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும் அத்தனை வடிவங்களும் அந்த ஒரு கேள்விக்கான வேறு வேறு பதில்கள்தான்.

நம்மூர் அருவாளில் வளைவு நுனிப் பக்கம் இருக்கும், அது கொக்கி மாதிரி இழுத்து அறுக்கும். குக்ரியில் வளைவு நடுவிலேயே விழுகிறது. அங்கிருந்து நுனி வரை தகடு அகன்று வயிறு தள்ளி நிற்கும். கை நேராக இறங்கினாலும் வாய், அதாவது கூர்ப்பக்கம், சாய்வாகப் போய் விழுவதால், ஒரே வீச்சில் வெட்டும் அறுப்பும் சேர்ந்து நடக்கும். மணிக்கட்டை மடக்கவே தேவையில்லை. நாள் முழுக்க விறகு வெட்டினால் இதன் அருமை தோளுக்குத் தெரியும்.

கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர் பெயரில் வரும் போஜ்புரே தடித்த முதுகும் பெரிய வயிறும் கொண்டது. என்னிடம் இருப்பதன் முதுகு பிடிக்கு அருகில் 10 மி.மீ. இருக்கும். எடை முழுக்க வயிற்றில் நிற்பதால் கை ஓங்கினால் போதும், மீதியை இரும்பே பார்த்துக்கொள்ளும். காய்ந்த வேலிக்கட்டைக்கும் விறகுக்கும் இதைத்தான் எடுப்பேன். சிருபாத்தே இதற்கு நேர் எதிர். சிரு என்னும் புல்லின் இலை போல ஒடுங்கி நீண்டது, வயிறு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. கையில் பறக்கும். புதர், பச்சைக் கொப்பு, மூங்கில் எல்லாம் சரசரவென்று விழும், ஆனால் காய்ந்த கட்டையில் திணறும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் அழகைப் பார்த்து சிருபாத்தேயைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது ஆங்கோலா. முதுகை ஒட்டி, வளைவுக்கு மேலே, பக்கவாட்டில் இரும்பைக் குழித்து எடுத்திருப்பார்கள். முதுகின் தடிமன் குறையாது, உறுதி போகாது, வேண்டாத எடை மட்டும் கழியும். ஈரக் கட்டையில் வெட்டும்போது தகடு சிக்கிக்கொள்வதும் குறைவு என்பது என் அனுபவம். தீன் சிராவில் ஒவ்வொரு பக்கமும் மூன்று நீள்குழிகள் ஓடும். எடை குறைப்பு ஒரு பக்கம் இருக்க, அந்த மூன்று கோடுகளும் வளைவோடு வளைந்து கடைசி வரை ஒரே சீராக வந்திருந்தால் செய்தவர் கை தேர்ந்தவர் என்று அர்த்தம். சுத்தியலும் அரமும் கொண்டு அதைச் செய்வது எளிதல்ல. பழைய ஹான்சே வடிவம் இன்னும் நீளம், வளைவும் ஆழம், தகடு ஒடுக்கம். ஒன்று வைத்திருக்கிறேன், வேலைக்கு எடுப்பதில்லை.

வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காதது பிடி. பழைய முறையில் இரும்பின் வால் எலிவால் போல மெலிந்து, எருமைக் கொம்புப் பிடிக்குள் போகும். சுற்றிலும் அரக்கை உருக்கி ஊற்றி இறுக்குவார்கள். பிடி லேசாக இருப்பதால் எடை முழுக்க முன்னால் போகும். பனாவல் என்னும் முறையில் இரும்பு பிடியின் முழு அகலத்துக்கும் வந்து, இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அடித்திருக்கும். உறுதி அதிகம்தான். ஆனால் எடையின் ஒரு பங்கு கைக்குள்ளேயே நின்றுவிடும், வெட்டின் அதிர்வும் உள்ளங்கைக்கு வரும், வியர்வை பட்டால் ஓரத்து இரும்பு துருப்பிடிக்கும். பலரும் பனாவலே மேல் என்கிறார்கள். நான் எலிவால் பிடி பக்கம். நடுவில் மேடாக ஓடும் வளையம் விரல்களுக்கு இடையே உட்காரும், அடிப்பகுதி விரிந்திருப்பதால் எவ்வளவு வேகமாக வீசினாலும் கை நழுவாது. பெரிய கைக்காரர்களுக்கு மட்டும் அந்த வளையம் உறுத்தும், அவர்கள் வளையம் இல்லாத பிடியைக் கேட்டு வாங்கலாம். அரக்குப் பிடியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், இளகிவிடும். இளகி ஆடினால் பயப்படவும் வேண்டாம், லேசாகச் சூடு காட்டி மறுபடி உட்கார வைக்கலாம்.

தரம் தீர்மானமாவது உலையில். கிழக்கு நேபாளத்தில் தரான் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரும்பு பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. அடித்து உருவாக்கி முடித்ததும் கரி உலையில் சிவக்கக் காய்ச்சுகிறார்கள். தொட்டித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்துவதில்லை. மூக்கு நீண்ட கெட்டிலை எடுத்து, வாய்ப் பக்கம் மட்டும் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் ஊற்றுகிறார் கொல்லர். முதுகில் இருக்கும் சூடு மெல்ல வாய்க்கு ஏறுகிறது, இரும்பின் நிறம் மாறிக்கொண்டே போகிறது, அவர் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார். ஒரு கருவி கிடையாது, கண் மட்டும்தான் அளவு. இப்படித் தோய்ப்பதால் வாய் கெட்டியாகவும் முதுகு நெகிழ்வாகவும் அமைகிறது. வயிற்றுப் பகுதியில் கெட்டித்தன்மை உச்சம், நுனியும் பிடிக்கு அருகிலும் சற்றுக் குறைவு. சிறிய அரம் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: முதுகில் கடிக்கும், வயிற்று வாயில் வழுக்கும். எல்லா இடத்திலும் கடித்தால் அது சுவரில் மாட்டத்தான் ஆகும்.

உறையின் பின்புறம் இரண்டு சிறு கத்திகள் இருக்கும். கூரானது கர்தா, மொட்டையானது சக்மக். கட்டையில் பட்டு வாய் மடங்கினால் சக்மக்கை அழுத்தி உரசினால் போதும், வாய் நேராகிவிடும். சாணைக்கல்லை வருடத்தில் எப்போதாவதுதான் தொடுகிறேன். காட்மாண்டு தமேல் பகுதிக் கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கென அடுக்கியிருப்பவற்றில் இந்த இரண்டும் பெரும்பாலும் வெறும் தகரம். சக்மக் நன்றாக இருந்தால் பெரியதும் நன்றாக இருக்கும் என்று தைரியமாக நம்பலாம்.

உறை இரண்டு மரப்பலகை, மேலே எருமைத்தோல். உருவும்போது உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பிடியுங்கள். விரல்கள் வாய்ப் பக்கம் சுற்றிக்கொண்டால், பலகைகள் சேரும் இடத்தைப் பிளந்துகொண்டு வாய் வெளியே வந்து விரலை அறுக்கும். மழைக்காலத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும் என்பதால் கத்தியைத் துடைத்து, கடுகெண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்கிறேன்.

பழையவற்றில் ஆர்வம் இருந்தால் பார்க்கவேண்டிய இடம் காட்மாண்டு சௌனியில் உள்ள தேசிய அருங்காட்சியகம். 1559ல் கோர்க்கா அரசில் ஆட்சிக்கு வந்த மன்னர் திரவ்ய ஷாவினுடையது என்று சொல்லப்படும் குக்ரி அங்கே இருக்கிறது. 2003 வாக்கில் காட்மாண்டுவின் பழைய லகன் சிலேகானா அரண்மனையில் கிடந்த நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கை வெளிநாட்டு வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். தேவநாகரி எழுத்துப் பொறித்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குக்ரிகள் உலகச் சந்தைக்கு வந்தது அப்போதுதான். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மார்க் 2 முதல் உலகப்போர்க் காலத்தது, எலிவால் பிடி, தகட்டில் வருட முத்திரை இருக்கும். 1940களின் மார்க் 3 பனாவல் முறைப் பிடி. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்யவேண்டி வந்தபோது வடிவம் எப்படிச் சுருங்கியது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம்.

உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் வைக்கக் கூடாது என்பது வெறும் கதை. நேபாள மலை கிராமங்களில் காலையில் விறகு, மதியம் காய்கறி, சாயங்காலம் மாட்டுத்தீவனம் என்று எல்லாவற்றுக்கும் இதுதான். பிடிக்கு அருகே உள்ள சிறு வெட்டுக்கு பசுவின் குளம்பு, சிவனின் திரிசூலம் என்று பல விளக்கங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த பயன், சாணை பிடிக்கும்போது வாய் அங்கே சுத்தமாக முடிகிறது.

இதைச் செய்பவர்கள் காமி சமூகத்தினர், விஸ்வகர்மா என்றும் அழைக்கப்படுபவர்கள். தசைன் திருவிழாவில், நாம் ஆயுத பூஜை கொண்டாடும் அதே நவமியன்று, அவர்கள் அடித்த குக்ரிக்கு மற்ற சாதியினர் பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். அடித்தவரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். 1854ல் வந்த முலுகி ஐன் என்னும் நேபாளச் சட்டத்தொகுப்பு காமிகளைத் தீண்டத்தகாதவர் பட்டியலில் எழுதி வைத்தது. தீண்டாமைக்குத் தண்டனை விதிக்கும் தனிச் சட்டம் வந்தது 2011ல். வேலைக்குக் கூலியாக அறுவடைக்கு அறுவடை தானியம் அளக்கும் பாலிகரே முறையில் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. அதனால்தான் முடிந்தவரை பட்டறையிலேயே வாங்குகிறேன், பேரம் பேசுவதில்லை. கோத்திமோரா எனப்படும் வெள்ளி வேலைப்பாட்டு உறைக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு மூன்று நல்ல வேலைக்குக்ரிகள் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவுக்குக் கொண்டுவருபவர்கள் ஆயுத விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடு அதற்குள் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவை விலக்கு. ராணுவ அளவுக் குக்ரியின் தகடு 10 அங்குலத்தைத் தாண்டும். உங்கள் ஊர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. வாயில் தடித்த அட்டையைச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து செக்-இன் செய்துவிடுங்கள்.