வீடியோவுக்கு நாட்டுத் தடை, நெட்வொர்க் தடை: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

பயிற்சி வீடியோக்களை இரண்டு விதத் தடைகளோடு பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வெளி ஆட்களுக்கானவை உரிமம் உள்ள நாடுகளில் மட்டும் ஓடும். ஊழியர்களுக்கானவை அலுவலக ஐபியிலிருந்து (இணைய முகவரியிலிருந்து) வந்தால்தான் திறக்கும். முதல் தடை சொன்னபடி கேட்கிறது. இரண்டாவது படுத்தாத பாடில்லை.

நாட்டுத் தடைக்கு, சிடிஎன் (பார்ப்பவருக்குப் பக்கத்து சர்வரிலிருந்து வீடியோவை அனுப்பும் சேவை) செட்டிங்கில் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடுகளைக் கொடுத்தால் போதும். ஐபியை வைத்து நாட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சரியாகவே வருகிறது. நகர அளவுக்கு இறங்கினால் நம்ப முடியாது; மொபைல் டேட்டாவில் ஆள் ஓர் ஊரில் இருப்பார், இணைப்பு வேறு ஊர் கேட்வே வழியாக வெளியே வரும். வெளிநாடு போனவர்கள் கதை வேடிக்கையானது. சொந்த நாட்டு சிம்மில் ரோமிங்கில் இருக்கும்வரை பெரும்பாலும் சொந்த நாட்டு ஐபிதான், வீடியோ ஓடும். ஓட்டல் வைஃபைக்கு மாறியதும் நின்றுவிடும். விபிஎன் (வேறு நெட்வொர்க் வழியாகச் சுற்றிப் போகும் இணைப்பு) போட்டுத் தாண்டுகிறவர்கள் தாண்டத்தான் செய்கிறார்கள். எங்கள் உரிம ஒப்பந்தத்துக்கு இந்த அளவு போதும், ரகசியம் காக்கப் போதாது.

நெட்வொர்க் தடையில் அடிக்கடி வரும் புகார்: “விபிஎன் ஆனில்தான் இருக்கு, வீடியோ மட்டும் வரலை.” காரணம் ஸ்பிளிட் டனல். அலுவலக சர்வர்களுக்குப் போவது மட்டும் விபிஎன் வழியாகப் போகிறது. சிடிஎன்னிலிருந்து வரும் வீடியோவுக்கு வீட்டு ஐபிதான் தெரிகிறது. சிடிஎன் பெயரையும் விபிஎன் பாதையில் சேர்த்தால் தீரும், ஆனால் வீடியோ முழுக்க அலுவலக இணைப்பைத் தின்னும். “என் வீட்டு ஐபியைச் சேர்த்துவிடுங்களேன்” என்பார்கள். சேர்ப்பதில்லை. சிஜிநேட் (ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பங்கிடும் முறை) உள்ள இணைப்புகளில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும், அந்த ஐபியும் நிலையாக இருக்காது. அப்புறம் ஐபிவி6, அதாவது புதிய வகை ஐபி. அனுமதிப் பட்டியலில் பழைய வகையான ஐபிவி4 மட்டும் இருந்தால், ஐபிவி6 வழியாக வரும்போது அலுவலக சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கே கதவு திறக்காது.

நான் கழற்றிப் போட்டது ஒன்றுதான்: வீடியோ பார்ப்பவரின் ஐபியோடு டோக்கனை (அனுமதிச் சீட்டு போன்ற குறியீட்டை) கட்டுவது. எச்எல்எஸ் என்ற முறையில் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வருகிறது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐபி மாறும், அடுத்த துண்டுக்கு 403 (அனுமதி இல்லை என்ற சர்வர் பதில்). ஏற்கனவே இறங்கிய துண்டுகள் ஓடி முடிந்ததும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் இன்டர்நெட் மேல் பழி போடுவார். அழகாகப் பிழைப் பக்கம் செய்து வைத்தும் பலனில்லை, துண்டுகளைக் கேட்பது பிளேயர், பக்கம் அதன் கண்ணில்தான் படும். பிளேயரிலேயே 403-ஐப் பிடித்து, “இந்த நாட்டில் கிடைக்காது”, “விபிஎன் வழியாக வாருங்கள்” என்று தனித்தனியாகக் காட்டத் தொடங்கியதும் புகார்கள் நன்றாகக் குறைந்தன.

இப்போது ஊழியர் வீடியோக்களுக்கு லாகின், கையொப்பமிட்ட குக்கி (பிரவுசரில் வைக்கப்படும், போலி செய்ய முடியாத அனுமதிக் குறிப்பு) இரண்டும் உண்டு. குக்கியின் ஆயுள் வீடியோவின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களும் இருக்கிறார்களே. ஐபி பட்டியல் மிக முக்கியமான சிலவற்றுக்கு மட்டும்.