பாரம்பரிய அரிசித் திருவிழாவில் வாங்கிய கருப்புக் கவுனி: ஓர் எச்சரிக்கை

பாரம்பரிய நெல் ரகங்களின் பெயரைச் சொல்லி நகரங்களில் தனியார் நடத்தும் அரிசித் திருவிழாக்களுக்குச் செல்ல எண்ணுவோர், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். அண்மையில் திருமண மண்டபம் ஒன்றில் நடந்த அத்தகைய விழாவில், நுழைவுக் கட்டணமும் செலுத்தி உள்ளே சென்று, கருப்புக் கவுனி என்று நான் வாங்கிவந்த ஐந்து கிலோ அரிசி, என் கணிப்பில், சாயம் ஏற்றிய வெள்ளைப் பச்சரிசியே. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும் விழாவை நடத்தியவர்களின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. பெயரைச் சொல்வதால் பெரிய பயன் விளையும் என்றும் தோன்றவில்லை. வேறு பெயரில் அடுத்த ஊரில் மண்டபம் பிடிக்க இத்தகையோருக்கு அதிக நாள் ஆகாது.

இவ்விழாக்களின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை, வேறு சிலர் உழைத்துச் சேர்த்தது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நெல் திருவிழாவின் உயிர்நாடி விற்பனை அன்று. இரண்டு கிலோ விதைநெல்லைப் பெற்றுச் செல்லும் விவசாயி அதைப் பயிரிட்டு, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாடுதான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன், இப்படிக் கைமாற்றிக் கைமாற்றியே 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018 டிசம்பரில் மறைந்தார். நான் சென்ற விழாவின் வாயிலில் இவ்விருவரின் படங்களும் ஆளுயரப் பதாகையில் இருந்தன. உள்ளே விதைப் பரிமாற்றம் என்று எதுவும் நடக்கவில்லை; பெரும்பாலான கடைகளில் நின்றவர்கள், தாங்கள் விற்கும் நெல் எந்த மாதம் நடப்பட்டது என்று கேட்டால் பக்கத்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் வாங்கிய கடையின் முகப்பில் ‘உழவரிடமிருந்து நேரடியாக’ என்று எழுதியிருந்தது. கிலோ 220 ரூபாய். எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டதற்கு ‘டெல்டா பக்கம்’ என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. உறையின் மீது வண்ணத்தில் ஏர் உழும் காட்சி அச்சிடப்பட்டிருந்ததே ஒழிய, பொதி கட்டியவரின் பெயர், முகவரி, பொதி செய்த மாதம், அதிகபட்ச விலை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவெண் ஆகிய எவையும் இல்லை. கைப்பேசியில் பணம் செலுத்தியபோது திரையில் தோன்றியது கடையின் பெயரன்று, ஏதோ ஒரு டிரேடிங் ஏஜென்சியின் பெயர். ரசீது கேட்டேன். “ரெண்டு நாள் ஸ்டாலுக்கு யாரு சார் பில் புக் அடிப்பாங்க?” என்று சிரித்தார். அந்தத் திரைப்பதிவு ஒன்றுதான் இன்று என் கையில் உள்ள சான்று.

அரிசியின் குட்டு சமையலறையில் உடைந்தது. கருப்புக் கவுனியை ஊறவைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறுவது இயல்பு. ஆகவே சாயம் இறங்குகிறது என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது, இந்த இயல்பே போலி விற்பவர்களுக்குப் பெரிய கேடயமாக இருக்கிறது. ஆனால் உண்மையான கவுனியின் நிறம் அதன் தவிட்டுத் தோலில் இருக்கிறது. ஓர் இரவு முழுவதும் ஊறினாலும் அந்தத் தோல் அரிசியை விட்டுப் போகாது. வெந்த பிறகும் சோறு கருஞ்சிவப்பாகவே இருக்கும், பருக்கை வெடிக்குமே தவிர எளிதில் குழையாது. நான் வாங்கியது இரண்டு முறை கழுவியதற்கே சாம்பல் நிறத்துக்கு வந்து, மூன்றாம் முறை ஏறத்தாழ வெள்ளையாகிவிட்டது. குக்கரில் சாதாரணப் பச்சரிசிக்கு வைக்கும் விசிலுக்கே களியாகக் குழைந்தது.

ஊறவைக்காத அரிசியை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. தவிடு நீக்காத அரிசியின் ஒரு முனையில் முளைப்பகுதி அப்படியே இருக்கும். இதிலோ, மில்லில் தீட்டிய அரிசிக்கே உரிய சிறு பள்ளம் ஒவ்வொரு மணியின் முனையிலும் தெரிந்தது. தவிடே இல்லாத அரிசிக்குத் தவிட்டில் இருக்கும் நிறம் எங்கிருந்து வந்தது? இறுதியாக, ஊறவைத்த நீரைக் கிண்ணத்தில் எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். கவுனியின் நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின், புளிப்புப் பட்டால் சிவந்து வரும். சமையல் சோடாவைக் கலந்தால் நீலமும் பச்சையுமாகத் திரியும். என் கிண்ணத்தில் இருந்த நீர் இரண்டுக்கும் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டுச் சோதனை ஆய்வகச் சான்றுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனாலும் அந்தச் சோற்றை என் வீட்டில் யாருக்கும் பரிமாறும் எண்ணம் எனக்கு இல்லை.

என் இழப்பு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். அதே மண்டபத்தில் இதைவிடக் கொடியதைக் கண்டேன். விதைநெல் விற்ற ஒருவர், குறுவைக்கு என்ன போடலாம் என்று கேட்ட இளைஞரிடம், தயங்காமல் மாப்பிள்ளைச் சம்பா விதையை எடுத்து நீட்டினார். அது ஐந்து மாதத்துக்கும் மேல் வயலில் நிற்கும் சம்பாப் பருவத்து ரகம். நூறு, நூற்றிருபது நாளில் அறுத்துவிட வேண்டிய குறுவையில் அதை விதைத்தவர் கதிருக்குக் காத்திருந்தே அடுத்த பட்டத்தையும் இழப்பார். குறுகிய வயதுடைய பூங்கார் அடுத்த மேசையிலேயே இருந்தது. நான் குறுக்கிட்டுச் சொன்னதை விற்பவர் விரும்பவில்லை. இத்தகைய இடங்களில் விதை வாங்குவோர், நூறு மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் கட்டி முளைப்பு பார்க்காமல் நாற்றங்காலில் விடக் கூடாது. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும் என்பதே இந்திய விதைத் தரம்.

விழா நடத்தியவர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது, தாங்கள் இடத்தை மட்டுமே வாடகைக்கு விட்டதாகவும் சரக்குக்குப் பொறுப்பில்லை என்றும் கூறினார்கள். ‘நஞ்சில்லா உணவு’ என்று விளம்பரம் செய்து, நுழைவுச் சீட்டு விற்றுக் கூட்டம் சேர்த்தவர்கள் சொல்லத் தகுந்த பதிலா இது? கடைக்காரரின் முகவரியையாவது தாருங்கள் என்றதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதில் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமை நுகர்வோருக்கு உண்டு, குற்றம் உறுதியானால் அக்கட்டணம் திரும்பவும் கிடைக்கும். ஆனால் சோதிக்கக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அரிசி வாங்கும்போது இப்படிச் சொல்பவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இனி நான் சொல்வேன், அதற்கு விற்பவர் முகம் போகும் போக்கே பாதிச் சோதனை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், சந்தேகம் எழுந்தால் மீதி அரிசியைக் கோபத்தில் குப்பையில் கொட்டவும் வேண்டாம், கோழிக்குப் போடவும் வேண்டாம். வாங்கிய உறையோடு ஈரம் படாமல் கட்டி, பணம் செலுத்திய திரைப்பதிவையும் நுழைவுச் சீட்டையும் உடன் வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதே விழாவில் அதே கடையில் வாங்கியவர்கள் இருந்தால் தனித்தனியாகவேனும் புகார் கொடுங்கள்; ஒரே பெயருக்குப் பல புகார்கள் சேர்ந்தால், அந்த டிரேடிங் ஏஜென்சியின் கதவை அதிகாரிகள் தட்ட வாய்ப்பு கூடும்.