பெட்ரோல் பம்ப் போச்சா? பழைய காருக்கு முழு செட்டா, மோட்டார் மட்டுமா, புதுப்பேட்டை சரக்கா

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி மட்டும் கிளம்ப மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் “பம்ப் போயிருக்கும்” என்பார். போயிருக்கலாம்தான். ஆனால் பழைய காரில் பெட்ரோல் ஏறாமல் போக பம்பைத் தவிர இன்னும் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைச் சரிசெய்யக் காசே வேண்டாம். அதனால் எதை வாங்குவது என்று பேசுவதற்கு முன், பம்ப்தான் போயிற்றா என்று கண்டுபிடிக்கும் வழிகளைப் பார்த்துவிடுவோம்.

உதாரணத்துக்கு மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற வண்டி. ஒரே பெயரில் இரண்டு வகை பம்ப் பார்த்தது. 2000 வாக்கில் எம்பிஎஃப்ஐ (கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வரும்வரை கார்புரேட்டர்தான் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்). அதில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும், இன்ஜினின் கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு மேலும் கீழும் போய்வரும். எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்ப் என்பது டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் மின்மோட்டார். முதலாவது கொடுக்கும் அழுத்தம் கால் பார் பக்கம், இரண்டாவது சுமார் 3 பார். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்கிற வண்டி என்றால் முதல் வகை. பழைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் அதே கட்சி.

பம்ப்தானா?

கார்புரேட்டர் வண்டியில் சோதனை சுலபம். காயிலிலிருந்து வரும் ஹைடென்ஷன் வயரைக் கழற்றி எர்த் செய்துவிடுங்கள், ஸ்பார்க் வரக் கூடாது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, உள்ளே ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நலம், கார்புரேட்டரைப் பாருங்கள். வரவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள். திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, பம்ப் மேல் குற்றமில்லை. அடுத்து, டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள ஹோஸ். அதில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதைதான். வெளியே ஈரமில்லை என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை.

டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்தும் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் டயாபிரம் கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியென்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பம்போடு ஆயிலும் மாற்றியாக வேண்டும்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் முதல் சோதனை காதுக்கு. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி ‘ங்ங்ங்’ என்று ஒரு முனகல் வர வேண்டும். வரவில்லையா, ஃபியூஸ் பாருங்கள். பம்புக்குக் கரண்ட் விடும் ரிலேயை, அதே பெட்டியில் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பம்ப் கனெக்டரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே மல்டிமீட்டரைவிட நான் டெஸ்ட் லேம்ப் பக்கம். துரு ஏறி ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். லேம்பை மாட்டினால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், கனெக்டரை மாட்டியபடியே பின்பக்கமாகக் குத்தி அளவெடுங்கள். மாட்டியிருக்கும்போதும் 12 வோல்ட் வந்து மோட்டார் சுற்றவில்லை என்றால் பம்ப் போயிற்று. 9 வோல்ட்தான் என்றால் வயரிங் அல்லது எர்த்.

சத்தம் வருவதாலேயே பம்ப் நலம் என்றும் சொல்ல முடியாது. டேங்குக்குள் இருக்கும் உள்ஹோஸ் கிழிந்திருந்தாலும் பம்பின் வாயில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தாலும் மோட்டார் பாட்டுக்குச் சுற்றும், பெட்ரோல் மட்டும் மேலே ஏறாது. அதற்கு பிரஷர் கேஜ் ஒன்றே வழி. வெளி ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மாட்டிப் பார்த்தால் அதுவும் அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சாவி போட்டதும் முனகல் வருகிறது, செல்ஃப் அடிக்கும்போது ஸ்பார்க்கும் இல்லை பெட்ரோலும் இல்லை என்றால் கிராங்க் சென்சாரையோ கேம் சென்சாரையோ பாருங்கள். இன்ஜின் சுற்றுவது கணினிக்குத் தெரியாவிட்டால் அது பம்பையும் நிறுத்திவிடும்.

சூட்டுக்கோளாறு இரண்டு வகையிலும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அம்பாசடர் பாதியில் மூச்சுவிட்டு நின்றால் பெரும்பாலும் வேப்பர் லாக். குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் கிளம்பிவிடும், பம்பை மாற்ற வேண்டியதில்லை. டேங்க் பம்ப் சூட்டில் நின்று, ஆறிய பிறகு ஓடினால் விஷயம் வேறு: பெரும்பாலும் மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கிறது. டேங்க் அடியில் தட்டினால் வண்டி உயிர் பெறுவதும் அதே அறிகுறி. தட்டி வீடு வந்து சேரலாம், மறுநாள் ஊருக்குக் கிளம்பக் கூடாது. மாரிஸ் மைனர் காலத்து எஸ்யூ என்ற மின் பம்பையும் ஸ்பானரால் தட்டித்தான் எழுப்புவார்கள். அதில் கோளாறு, கரண்டைத் தொட்டு விடும் பாயின்ட் கருகுவது.

கார்புரேட்டர் வண்டி: கிட்டா, புது பம்பா, எலெக்ட்ரிக்கா

திருகு போட்டு மூடிய பம்ப் என்றால் திறந்து கிட் (புது டயாபிரம் முதலான உள்பாகங்கள்) போடலாம். விளிம்பை மடித்து அமுக்கியது என்றால் அந்தப் பேச்சே இல்லை. கிட் சில நூறு ரூபாயில் முடியும், வேலைதான் கை பார்த்துச் செய்ய வேண்டியது. புது டயாபிரத்தைப் போட்டுத் திருகுகளை முறுக்குவதற்கு முன் லீவரை முழுக்க அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் முறுக்கினால் டயாபிரம் இழுபட்டு நின்று சீக்கிரம் கிழியும். வால்வு உட்காரும் இடம் தேய்ந்திருந்தாலும் கிட்டால் பயனில்லை. காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் பெட்ரோல் ஏறும்.

என் ஓட்டு புது மெக்கானிக்கல் பம்புக்கு, நல்ல கம்பெனிச் சரக்கு கிடைத்தால். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த பேக்லைட் துண்டு ஒன்று இருக்கும், அதைத் தொலைத்துவிடாதீர்கள். சூடு ஏறாமல் தடுப்பதும் அதுதான், லீவர் எவ்வளவு தூரம் அசையும் என்பதைத் தீர்மானிப்பதும் அதுதான். அதற்குப் பதிலாக கேஸ்கெட் பேஸ்ட் அப்பி மாட்டிவிட்டு “புது பம்பும் சரியில்லை” என்று சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன.

எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிட்டால் வேப்பர் லாக் தொல்லை குறையும் என்பது உண்மை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு வசதியும்கூட. ஆனால் குறைந்த அழுத்தம் கொடுக்கும் கார்புரேட்டர் பம்ப்தான் வாங்க வேண்டும். எம்பிஎஃப்ஐ பம்பை மாட்டினால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காது, பெட்ரோல் பொங்கி வழியும். இடமும் முக்கியம்: டேங்க் அருகே, தாழ்வாக. தள்ளுவதில் அது சூரன், இழுப்பதில் இல்லை. எனக்கு இதில் பிடிக்காத விஷயம் வேறு. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப் வண்டி மோதி ஹோஸ் அறுந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் சுவிட்சோடு சேர்த்து ரிலே போட்டுத் தரும் எலெக்ட்ரீஷியன் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டி

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் போய்க் கேட்டால் முதல் கேள்வியே, “செட்டா வேணுமா சார், மோட்டார் மட்டுமா?” என்பதுதான்.

செட் என்றால் மேல்மூடி, ஸ்டாண்டு, மோட்டார், ஸ்ட்ரெய்னர், உள்ஹோஸ், பெட்ரோல் அளவு பார்க்கும் மிதவை எல்லாம் சேர்ந்து வரும். கம்பெனி செட் மாட்டினால் தலைவலி இல்லை, பெட்ரோல் முள்ளும் சரியாகக் காட்டும். விலை ஆயிரங்களில் போகும். நின்றுபோன மாடலுக்கு எப்போதும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கம்பெனிப் பெயர் இல்லாத மலிவு செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் சுமாராக ஓடினாலும் மிதவை பொய் சொல்லும், கால் டேங்க் காட்டும்போதே வண்டி நின்றுவிடும்.

மோட்டார் மட்டும் என்றால் போஷ், டென்சோ போன்ற பெயர்களில் செட் விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் கணிப்பு. டூப்ளிகேட் சரக்கும் இதே பெட்டியில் வரும், அதனால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். அழுத்தம், வெளிக்குழாய் அளவு, கனெக்டர் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். மோட்டாரோடு புது ஸ்ட்ரெய்னர், மேல்மூடிக்குப் புது ரப்பர் வளையம் கட்டாயம். பலர் கோட்டை விடும் இடம் உள்ஹோஸ். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உட்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்குக்குள் அது வெளியிலும் நனைந்து ஊறி, உப்பி, கிளிப்பை விட்டுக் கழன்றுவிடும். மூழ்கிக் கிடப்பதற்கென்றே செய்த ஹோஸ் தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் பழைய பம்பை எடுத்து, கரண்ட் கொடுத்துச் சுற்றிக் காட்டுவார்கள். காற்றில் சுற்றுவதற்கும் 3 பார் தள்ளுவதற்கும் சம்பந்தமில்லை. அதில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும் என்பது வேறு. ஓடிய மோட்டாரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதே புதுப்பேட்டையில் ஸ்டாண்டும் மேல்மூடியும் தாராளமாக வாங்கலாம். மூடியில் மின்முனைகள் கருகாமல், குழாய் மூக்கு உடையாமல் இருந்தால் அது புதுசுக்குச் சமம். ஸ்டாண்டு புதுப்பேட்டையில், மோட்டார் ஜி.பி. ரோட்டில் வாங்கிச் சேர்த்துக்கொள்வது, கம்பெனி செட் கிடைக்காத வண்டிக்கு நான் சொல்லும் வழி.

கூலியையும் கணக்கில் சேருங்கள். பல ஹூண்டாய்களில் பின்சீட்டைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும். மாருதி 800-இல் டேங்கையே இறக்க வேண்டும். மலிவு மோட்டாருக்கும் நல்ல மோட்டாருக்கும் அந்தக் கூலி ஒன்றுதான், மலிவுக்கு இரண்டு தடவை கொடுக்க நேரும். டேங்க் கீழே வந்த கையோடு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துருவோடு புது பம்பை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் சீக்கிரமே அடைக்கும். 2023-இல் விற்பனைக்கு வந்த, நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, தண்ணீரையும் இழுக்கும். அதனால் ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது நல்லது. டேங்கை எப்போதும் ரிசர்வில் வைத்து ஓட்டும் பழக்கமும் மோட்டாருக்குக் கெடுதல், அதைக் குளிர்விப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

கழற்றுவதற்கு முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓடுமானால் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஓடாத வண்டியில் சில நொடி செல்ஃப் அடித்தால் போதும். லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டி முடித்ததும் உடனே செல்ஃப் அடிக்காமல் சாவியைச் சில தடவை ஆன்-ஆஃப் செய்து லைனை நிரப்புங்கள். கடைசியாக டேங்கை முழுக்க நிரப்பி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மேல்மூடியைச் சுற்றி ஈரமோ வாடையோ இருக்கிறதா என்று பாருங்கள். கால் டேங்கில் அந்த ரப்பர் வளையத்தின் குறை தெரியவே தெரியாது.