ஒரே லாகின் போதும், யாரிடம் விடுவது? கூகுள், ஓடிபி, கீக்ளோக்

வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர்கள் நடத்தும் டிஎன்பிஎஸ்சி படிப்பு வட்டத்துக்கு மாதிரித் தேர்வு மூடில் என்ற இணையவழிப் பாட மென்பொருளில், குறிப்புகள் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்புத் தளத்தில், கட்டணக் கணக்கு நாங்களே எழுதிய சின்ன நிரலில். மூன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. ஞாயிற்றுக்கிழமை தேர்வு தொடங்கும் நேரம் பார்த்து குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் "பாஸ்வேர்டு மறந்துடுச்சுண்ணா" என்று வாட்ஸாப்பில் வரிசையாக வரும். ஒருமுறை உள்ளே வந்தால் மூன்றும் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கு இருக்கும் வழிகளை எங்கள் ஊர் நிலவரத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.

சுலபமானது கூகுள் பட்டன். உள்ளே ஓடுவது ஓப்பன்ஐடி கனெக்ட், ஒரு தளம் சரிபார்த்த ஆளை இன்னொரு தளம் ஏற்க 2014இல் வந்த நெறிமுறை. பாஸ்வேர்டு நம் சர்வருக்கு வரவே வராது. 'இவர் இன்னார்' என்று கூகுள் மின்னணுக் கையொப்பமிட்ட சான்றுச் சீட்டு, அதாவது டோக்கன் மட்டும் வரும். மூடிலில் இதற்கான வசதி 3.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது, நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு ஆப் சேர்க்க வேண்டும். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்டால் செலவு கிடையாது. லாகின் முடிந்ததும் நம் தளத்துக்குத் திரும்பி வர வேண்டிய இணைய முகவரியைக் கூகுளிடம் எழுத்துக்கு எழுத்து சரியாகப் பதிய வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் பிழை காட்டி நிறுத்திவிடும்.

சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, ஜிமெயில் ஐடி யாருடையது என்பதில் இருக்கிறது. பஜார் பக்கம் முதல் போன் வாங்கும்போது கடைப் பையனே ஏதோ ஒரு பெயரில் ஐடி போட்டு, ப்ளே ஸ்டோரைத் திறந்து கையில் கொடுத்துவிடுவான். பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவிருக்காது, வாங்கியவருக்கும் தெரியாது. போன் உடைந்தால் புது போன், புது ஐடி. நம் தளத்துக்கு அவர் புது ஆள். பழைய மதிப்பெண்ணெல்லாம் பழைய ஐடியோடு நின்றுவிடும். இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்று கூகுளே 2023இல் விதி கொண்டுவந்துவிட்டது.

டோக்கனில் 'சப்' என்று ஓர் எண் வரும். ஆளை அடையாளம் காண மின்னஞ்சலை நம்பாமல் அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறது கூகுள். அது சரிதான், ஆனால் புதுக் கணக்குக்கு சப் எண்ணும் புதிதாகவே வரும். அதனால் உறுப்பினர் எண் நம்முடையதாக இருக்க வேண்டும். அதன் கீழே ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வெளி அடையாளங்களை இணைத்து எழுத ஓர் அட்டவணை வேண்டும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஓர் அட்டவணையை மட்டும் அடுத்தவரிடம் விடக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது மொபைல் ஓடிபி. நம் ஆட்களுக்கு இதுதான் கைவந்த பழக்கம், விளக்கவே வேண்டாம். ஆனால் குறுஞ்செய்தி அனுப்புவது நினைப்பதுபோல் எளிதல்ல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி அனுப்புபவர், செய்தியின் மேலே தெரியும் அனுப்புநர் பெயர், செய்தியின் மாதிரி வாசகம் எல்லாவற்றையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். பதிவு பெற்ற அமைப்பாகக்கூட இல்லாத ஒரு படிப்பு வட்டத்துக்கு அந்தக் காகித வேலையே மலைப்பு. ஒவ்வொரு செய்திக்கும் காசு வேறு. எண்ணும் நிலையானதல்ல: ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். அப்புறம் அந்தப் புதியவர் ஓடிபி போட்டு நம் மாணவரின் கணக்குக்குள் வரலாம். தவிர, மூடிலுக்கும் நெக்ஸ்ட்கிளவுடுக்கும் ஓடிபியை நேரடியாகக் கொடுக்க முடியாது. நடுவில் அதை டோக்கனாக மாற்றித் தர ஒரு சேவை வேண்டும்.

அந்த நடு ஆள்தான் கீக்ளோக். ரெட் ஹாட் நிறுவனம் வளர்த்த, லாகினை மட்டும் கவனிக்கும் திறந்த மூல மென்பொருள். நம் சர்வரிலேயே ஓட்டலாம். மூன்று தளங்களும் கீக்ளோக்கிடம் கேட்கும், கீக்ளோக் கூகுளிடம் கேட்கும். ஒரே உறுப்பினருக்குப் பழைய ஜிமெயிலை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டிவிடலாம். நான் மேலே சொன்ன அட்டவணை இதற்குள்ளேயே இருக்கிறது. நாளைக்குக் கூகுள் வேண்டாமென்றால் அதைக் கழற்றினாலும் மூடில் பக்கம் ஒன்றையும் தொட வேண்டியதில்லை. விலை வேறு வகையில் வரும். ஜாவாவில் ஓடுவதால் ஒரு ஜிபி ரேம் உள்ள மலிவு சர்வரில் திணறும். அப்டேட்டைத் தள்ளிப்போட முடியாது. கீக்ளோக் விழுந்தால் மூன்று தளமும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அதேலியா என்ற இதே வகை மென்பொருள் இதைவிட ரொம்ப லேசு, ஆனால் கூகுள் கணக்கைப் பின்னால் இணைக்கும் வசதி அதில் இல்லை. எங்களுக்கு அதுதான் தேவை, எனவே கழித்துவிட்டேன்.

சொந்த டொமைன் முகவரியையே அடையாளமாகக் காட்டும் வழியும் ஒன்று உண்டு. 2005இல் ஓப்பன்ஐடி தொடங்கியது அப்படித்தான், இப்போது இண்டிஆத் என்ற நெறிமுறை அந்த வழியில் போகிறது. எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் குரூப் 4க்குப் படிக்கும் பிள்ளையிடம் போய் முதலில் ஒரு டொமைன் வாங்கு என்று சொல்ல முடியுமா?

சர்வரைத் தினமும் எட்டிப்பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கூகுள் பட்டனே போதும், கூடவே சொந்த உறுப்பினர் எண். சேரும்போதே ஜிமெயிலையும் போன் எண்ணையும் விண்ணப்பத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், ஐடி மாறி வருபவரை நேரில் பார்த்தே பழைய கணக்கோடு சேர்த்துவிடலாம். பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் கீக்ளோக், பின்னால் கூகுள். எங்கள் வட்டத்தில் விஐடியில் படிக்கும் ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார், அதனால் நாங்கள் கீக்ளோக் வழிக்கே போகிறோம். மூடில், நெக்ஸ்ட்கிளவுட் இரண்டிலும் ஓர் அட்மின் கணக்கை மட்டும் ஒற்றை லாகினில் சேர்க்காமல் பழைய பாஸ்வேர்டோடு தனியே வைத்திருக்கிறோம். கீக்ளோக் படுத்துவிட்டால் ஞாயிறு காலை உள்ளே போக ஒரு வழி வேண்டுமே.