அரசு வழக்கறிஞர் மீது முறையிட: சேலத்தில் ஓர் இலவசச் சட்ட ஆலோசனை மையம்

என் அக்கா புகார்தாரராக இருந்த அடிதடி வழக்கில், முக்கியச் சாட்சியை விசாரிக்காமலேயே அரசுத் தரப்பை முடித்துக்கொண்ட அரசு வழக்கறிஞர் மீது எங்கே முறையிடுவது என்று கேட்க இம்மையத்துக்குச் சென்றோம். இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி வருமான வரம்பு கிடையாது. ஆலோசகர் எங்கள் மனுவில் ‘மோசடி’ என்றிருந்த சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, வாய்தாத் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னது மிகவும் பயன்பட்டது. ஆனால் மனு போய்ச்சேரும் குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் (அரசு வழக்கறிஞர்களை மேற்பார்வையிடும் அலுவலகம்), பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 20ஆம் பிரிவுப்படி உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காவல் துறையும் அதே உள்துறையின் கீழ்தான். அரசு வழக்கறிஞர்களை விசாரிக்கவென்று தனித்த அமைப்பு இல்லை என்பதை அவர் (பாராட்டத்தான் வேண்டும்) மழுப்பாமல் சொன்னார். நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது, நகலெடுக்க வெயிலில் அலையவிட்டதற்காக.