ஆர்எக்ஸ் 580 வாங்கப் போகிறீர்களா? 2304 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

குறைந்த விலையில் நல்ல கிராபிக்ஸ் கார்டு தேடி ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு கார்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றில் பலம் குறைந்ததை, பலம் கூடியதன் விலைக்கு என் தம்பியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

தம்பி கட்டடக்கலை படிக்கிறான். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில், அதைவிடப் பலம் குறைந்த ஆர்எக்ஸ் 570-க்கு ஒரு விலையும், 580-க்கு அதைவிட 3,000 ரூபாய் கூடுதலாகவும் சொன்னார்கள். முப்பரிமாண வேலைக்கு உதவுமே என்று கூடுதல் பணத்தைக் கொடுத்து 580-ஐ வாங்கி வந்தான்.

கார்டை மாட்டி, அதன் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். ஷேடர், அதாவது படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கட்டத்தில் 2304 இருக்க வேண்டிய இடத்தில் 2048 என்று இருந்தது. படத்தின் பரப்புகளுக்கு வண்ணமும் வடிவமும் பூசும் டிஎம்யு அலகுகள் 144-க்குப் பதில் 128. பெட்டியைத் திருப்பினால், முகப்பில் விரல் நீளத்துக்கு 580; பக்கவாட்டில், பார்கோடை ஒட்டிப் பொடி எழுத்தில் '2048எஸ்பி', அதாவது 2048 ஷேடர்கள்.

இந்தப் பெயர் விளையாட்டு பழையது. 2016 ஜூனில் ஆர்எக்ஸ் 480 வந்தது. 8 ஜிபி கார்டு 239 டாலர். 2017 ஏப்ரலில் அதே வடிவமைப்பின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, 580 என்று பெயர் மாற்றி, 229 டாலருக்கு விற்றார்கள். அதில் வாங்கியவருக்கு நட்டம் இல்லை. 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென வந்த 580 2048எஸ்பி அப்படிப்பட்டதல்ல. 570-இல் உள்ள அதே 2048 ஷேடர்கள்தான் அதிலும். வேகம் மட்டும் 1244-லிருந்து 1284 மெகாஹெர்ட்ஸாக ஏறியது. உண்மையான 580-இன் ஷேடர்களில் ஒன்பதில் ஒரு பங்கு இதில் கிடையாது. ஆக, தம்பி 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது ஏறக்குறைய ஒரு 570-க்குத்தான்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "பெட்டியில் 580 என்றுதானே போட்டிருக்கிறது, சார்? கம்பெனி வைத்த பெயருக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார் உரிமையாளர். பெயரைக் கம்பெனி வைத்தது, சரி. அந்த 3,000 ரூபாயைக் கூட்டி வைத்தது யார்? அதற்குப் பதில் இல்லை. பில்லில் 'கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி' என்று மட்டும் எழுதியிருந்ததைக் காட்டி, மாற்றித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்கும்போது மாடலின் முழுப் பெயரையும் ஷேடர் எண்ணிக்கையையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

நாங்கள் நின்றிருந்தபோதே ஒரு பெரியவர் பேரனுக்காக என்விடியா நிறுவனத்தின் ஜிடி 1030 கார்டு கேட்டார். அதிலும் இதே வில்லங்கம் உண்டு. 2017-இல் வந்த, ஜிடிடிஆர்5 வகை நினைவகம் கொண்ட கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் வந்த, டிடிஆர்4 வகை நினைவகம் கொண்ட கார்டில் அது வெறும் 16.8 ஜிபி. "இரண்டும் ஒன்றுதான், ஐயா" என்றான் கடைப் பையன். நான் குறுக்கிட்டு, ஜிடிடிஆர்5 என்று பில்லில் எழுதி வாங்குங்கள் என்றேன். கடைக்காரர் முறைத்தார். பெரியவர் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.